ஒன்று அடித்தால் நலம்

வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று தெருமுனை வரை போனவன் திரும்பி வந்து பார்ப்பேன். "பூட்டு பாவம், விடுங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்தால் அப்படித்தான் ஆகிவிடும், சார். ஒரு நட்டைச் சரியாக முடுக்காமல் விட்டால் முகம் தெரியாத யாரோ ஒருவர் அன்றைக்கு வீடு போய்ச் சேரமாட்டார். அந்த நினைப்பிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். என் கையால் ஒரு விபத்து நடந்ததில்லை. கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். போன வாரப் புயலில் என் மனைவியின் அக்கா இறந்துபோனார். தனியாக இருந்த பெண்மணி, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது வழுக்கி விழுந்து இறந்தார் என்று நீங்களே எழுதி முடித்துவிட்டீர்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அப்படித்தான் இறந்தார். ஆனால் நேற்று என் மனைவி இந்த ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறாள். நாளைக்குள் வாங்கித் தருகிறேன் என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் நானே வந்து சொல்லிவிடுவது மரியாதை என்று பட்டது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்கிறேன். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தாய் இல்லாத வீட்டில் என் மனைவியை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவர். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. தலை நரைக்கத் தொடங்கிவிட்ட தங்கையை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரையே பேசவைத்த அந்த மனுஷி தான் மட்டும் போனில் பேசமாட்டார். "நல்லா இருக்கேன்னு சொல்றதுக்கு எதுக்குக் காசு?" என்பார். இப்போதெல்லாம் பேசினால் தனியாகக் காசு இல்லை அக்கா என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பியதில்லை. காது வேறு மந்தம். வாழ்நாள் முழுக்க ஹெட்போன் மாட்டிய காது.

அதனால் அக்காவும் தங்கையும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். மிஸ்டு கால் ஒன்று வந்தால் நல்லா இருக்கேன் என்று அர்த்தம். அடுத்தடுத்து இரண்டு வந்தால், கிளம்பி வா. காலையில் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. அந்த ஒன்று வந்த பிறகுதான் என் மனைவி டீயை வாயில் வைப்பாள். அக்காவுக்குக் கண்ணும் சரியில்லாததால் அவர் போனில் ஒன்றாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் தங்கைக்குப் போகும்படி நான்தான் செய்து கொடுத்தேன். இரண்டாம் பட்டனில் என் நம்பரையும், மூன்றில் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் நம்பரையும் போட்டுத் தருகிறேன் என்றேன். "வேண்டாம் மாப்ளே, கை தவறி யாரையாவது எழுப்பிடுவேன். எனக்குப் பாப்பா போதும்" என்று சொல்லிவிட்டார்.

பாப்பா போதும். அதுதான் பிரச்சினையே. எனக்கும் பாப்பா போதும் என்றுதான் இருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வருடத்தில் நாலு நாளாவது அவளோடு எங்காவது போய் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவேன். ஒவ்வொரு தடவையும் லீவு எழுதிக் கொடுப்பேன், ரூம் போடுவேன், பெட்டி கட்டுவோம். கிளம்பும் நேரத்தில் இரண்டு அடிக்கும். ஒருமுறை ரயிலில் ஏறி உட்கார்ந்து ஜன்னலைத் திறந்தபோது இரண்டு அடித்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து ஓடினோம். பல் வலி. இன்னொரு முறை சமையலறைக்குள் பெருச்சாளி. இன்னொரு முறை, பல்பு போய்விட்டது, இருட்டில் பயமாக இருக்கிறது. என் மனைவி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள். நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன். புலி வருது, புலி வருது என்கிற கதைதான். பொறாமை என்று சொல்லுங்கள், மறுக்கமாட்டேன். ஒரு மனுஷன் தன் மனைவிக்காகப் பொறாமைப்படுவது சட்டப்படி குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

இந்தத் தடவை மலைமேல் ஏரிக்கரையில் ஒரு விடுதியில் ரூம் போட்டிருந்தேன். புயல் வரும் என்று வானிலை அறிக்கையில் சொன்னது நிஜம்தான். ஆனால் வேறு பக்கம் கரை கடக்கும் என்றார்கள். நம் பக்கம் மழை மட்டும்தான் என்றார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வரப் போனோம். வாய்க்காலை ஒட்டின வீடு. ரோடு போடப் போட ரோடு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. வாசற்படி ஒரு காலத்தில் ஏறும் படி, இப்போது இறங்கும் படி. என் மனைவி வாசலில் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அவள் தலையில் தட்டி உள்ளே கூப்பிட்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மாப்ளே, இந்தத் தடவை கூரையே இடிஞ்சு விழுந்தாலும் ரெண்டு அடிக்கமாட்டேன். பாப்பாவ நல்லா கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க."

அவர் அப்படிச் சொன்னது என் மனதைத் தொட்டது. கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆனால் மனுஷர் வாக்கை நம்பி லிஃப்டை ஓட்ட முடியாது. அதற்கு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு, சார். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர் அவசர மணியை அழுத்துவார். விடாமல் அழுத்துவார். அந்தச் சத்தத்தில் வெளியே நிற்கிறவர்களுக்கும் கை கால் உதறும், வேலை செய்கிறவனுக்கும் புத்தி மழுங்கும். அதனால் முதல் காரியமாக மணியை நிறுத்த வேண்டும். அடுத்து, உள்ளே இருக்கிறவருக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டும். ஆள் வந்தாச்சு, பயப்படாதீங்க என்று ஒரு குரல் போதும், அடங்கிவிடுவார். நாம் கருவிப்பையையே இன்னும் திறந்திருக்கமாட்டோம், ஆனாலும் அடங்கிவிடுவார். அதற்குப் பிறகு நிதானமாகப் பழுதைப் பார்க்கலாம். சில பேர் மணியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அன்றைக்கு ராத்திரி அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவள் போனை எடுத்தேன். சார்ஜ் போடுகிறேன் என்றேன். அக்கா என்ற பெயரில் இருந்த நம்பரை எடுத்துவிட்டு, லிஃப்ட் அவசரத்துக்கென்று கம்பெனி எனக்குத் தந்திருக்கும் இரண்டாவது போனின் நம்பரை அதில் போட்டேன். அக்காவின் படம் அப்படியே இருந்தது. இரண்டாவது போனுக்கு வரும் வேலை அழைப்புகளை லீவுக்காகக் கூட வேலை பார்க்கிறவருக்குத் திருப்பிவிட்டிருந்தேன். அவள் ஒருத்தி நம்பர் மட்டும் எனக்கே வரும்படி வைத்துக்கொண்டேன். அக்காவின் நிஜ நம்பரிலிருந்தும் அழைப்பு வந்தால் குழப்பமாகிவிடும் இல்லையா. அதனால் அதை அவள் போனில் ப்ளாக் செய்தேன். அவ்வளவுதான். நாலு நாளைக்கு மணியை நிறுத்தி, பதில் மட்டும் கொடுக்கிற ஏற்பாடு. யாருக்கும் ஒரு கீறல் கூட விழாத ஏற்பாடு.

காலையில் தூறலோடு கிளம்பினோம். வண்டியில் ஏறும்போதே அவளுக்கு மனசு சரியில்லை. காலை அழைப்பை நான் கொடுக்கத் தவறிவிட்டேன். பெட்டி தூக்குகிற அவசரத்தில் மறந்துபோனது. சொல்லப்போனால் அன்றைய தகராறு முழுக்க அந்த ஒரு மறதியால் வந்ததுதான். இன்னும் அக்கா அடிக்கலையே என்று ஆரம்பித்தாள். பேசாமல் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றாள். பின் சீட் சும்மாதானே கிடக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பின் சீட் சும்மா இல்லை. இரண்டு பெட்டியையும் குடைகளையும் நான் அங்கேதான் வைத்திருந்தேன். டிக்கியில் தாராளமாக இடம் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது.

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள். என் பேண்ட் பாக்கெட்டில் இரண்டாவது போன் தொடையோடு ஒட்டி அதிர்ந்தது. நான் கியர் மாற்றினேன். அவள் மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதிர்ந்தது. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வைப்பர் ஓடியும் கண்ணாடி தெரியவில்லை. வண்டியைத் திருப்புங்க என்றாள். நான் திருப்பவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசியதையெல்லாம் இங்கே சொல்ல வேண்டியதில்லை, புருஷன் பெண்டாட்டி பேசுவதுதான். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா என்று கேட்டாள். உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது, நம்ம எல்லாரையும் அனுப்பிட்டுத்தான் போவாங்க என்று நான் சொன்னேன். அது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது.

ரோட்டின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதை அறுத்து ஒதுக்கும்வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். கல்யாணமான புதிதில் அவள் அழுதால் எனக்குச் சோறு இறங்காது. இப்போதும் அப்படித்தான். அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, கழிப்பறைக்குள் போய், இரண்டாவது போனிலிருந்து அவளுக்கு ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்தேன்.

நான் திரும்பி வந்தபோது அவள் கதவைத் திறந்துகொண்டு மழையில் நின்றிருந்தாள். போனைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, அக்கா அடிச்சிட்டா. ஒண்ணுதாங்க."

நீங்கள் அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், சார். பத்து வயசு குறைந்துவிட்டது. காலையில் ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க என்றாள். வண்டியில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். துவாலையை எடுத்து என் தலையைத் துவட்டினாள். புயல் என்ன புயல் என்று இருந்தது எனக்கு. ஒரு ரிங்கில் ஒரு மனுஷிக்கு இத்தனை நிம்மதி கொடுக்க முடிகிறது என்றால், அதைக் கொடுக்காமல் இருப்பதல்லவா பாவம்.

மத்தியானம் ரோட்டோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். லாரிக்காரர்கள் நிறையப் பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். அவள் கை கழுவப் போனாள். போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ப்ளாக் செய்த நம்பரிலிருந்து வரும் அழைப்பு மணி அடிக்காது. ஆனால் உள்ளே ஓர் ஓரத்தில் பதிவாகும். பழக்கதோஷம், பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரி அதைத் திறந்து பார்த்தேன். காலையில் நாங்கள் கிளம்பும் முன்பே ஒன்று அடித்திருந்தார். நல்லா இருந்திருக்கிறார். பிறகு, மரம் விழுந்த இடத்தில் நாங்கள் காத்திருந்த நேரமாக இருக்கும், இரண்டு. கொஞ்சம் விட்டு இன்னொரு இரண்டு.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். கூரை இடிந்து விழுந்தாலும் அடிக்கமாட்டேன் என்று நேற்றுத்தான் சொன்னார். ஒரு நாள் தாங்கவில்லை. மறுபடியும் பல்லோ பல்போ. அவள் வந்து உட்கார்ந்தாள். நான் போனை அவள் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிட்டேன். அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

திரும்பிப் போக நினைத்திருந்தாலும் போயிருக்க முடியாது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். ஆற்றுப் பாலத்தை மூடிவிட்டார்கள் என்று வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். மூடினார்கள், அது உண்மை. ஆனால் சாயங்காலம்தான் மூடினார்கள். சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசை லாரிக்காரர் அப்போதுதான் அந்தப் பாலத்தைத் தாண்டி வந்திருந்தார். "திரும்புறவங்க இப்பவே திரும்பிடுங்க, இன்னும் விட்டுட்டுத்தான் இருக்காங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். நானும் கேட்டேன். என் மனைவி கை துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டாள். மலைப்பாதை நல்லா இருக்காம் என்றேன்.

மருந்துக்கடைக்காரர் நம்பர் என் போனில் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. அக்கா வாசலில் கால் வைக்க அவருக்கு ரோட்டைத் தாண்டினால் போதும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் நல்ல மனுஷர். போய்ப் பார்த்தால் சும்மா இருக்கமாட்டார். உடனே என் மனைவிக்குத் தகவல் சொல்லிவிடுவார். பிறகு பெட்டி, ஓட்டம், ஆஸ்பத்திரி வாசல், பல் வலி. எல்லாம் பழையபடி. அதனால் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

எப்போதும் பல் வலிதானா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு தடவை இரண்டு அடித்தபோது நிஜமாகவே நெஞ்சு வலி. நாங்கள் போய்ச் சேர்ந்ததால் பிழைத்தார். இன்னும் தாமதமாகியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். இதை இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்றால், சொல்வதற்கு இடம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இரண்டு கையும் உடைந்து கிடந்தேன். அப்போது எனக்குச் சோறு ஊட்டியவர் அக்காதான். என் மனைவி வேலைக்குப் போய்விடுவாள், அக்கா வந்து உட்கார்ந்துகொள்வார். "மாப்ளே, வாயத் திறங்க, வெக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அவர்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது, சார்.

பொழுது சாயும் நேரத்துக்கு விடுதிக்கு வந்து சேர்ந்தோம். மரப்படி ஏறி மேல்மாடி அறை. கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் போடப் போகிறார்கள் என்றார்கள். ஜன்னலுக்குக் கீழே ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அடைமழை விட்டாலும் செடிமழை விடாது என்பார்களே, அந்த மாதிரி மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. அவள் குளிக்கப் போனாள். சாயங்கால அழைப்பு இன்னும் வரவில்லை என்று கதவுக்குள்ளிருந்து சொன்னாள். வரும், வரும் என்றேன். அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகும் அக்கா விட்டிருக்கவில்லை. இரண்டு. இரண்டு. மறுபடியும் இரண்டு. பல் வலிக்கு மனுஷர் இப்படி அடிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். பெருச்சாளிக்கும் இப்படி அடிக்கமாட்டார். அவசர மணியை ஒருவர் எப்போது சும்மா அழுத்துகிறார், எப்போது உயிரைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறார் என்று மணிச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடியவன் நான். அதுதான் என் தொழில். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசியாக ஒன்று வந்து விழுந்தது. ஒன்றுதான். இரண்டாவது வருகிறதா என்று காத்திருந்தேன். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. துணி மாற்றுகிற சத்தம் கேட்டது. வரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அக்காவே சொல்லிவிட்டார், இனி நான் பொய் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது போனை எடுத்து ஒரு ரிங் கொடுத்தேன். அவர் அடித்ததைத்தான் நான் அடித்தேன். ஒரு கையிலிருந்து வாங்கி இன்னொரு கையில் கொடுத்த மாதிரி. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் ஓடி விளக்கு எரிந்தது. அவள் ஈரத் தலையோடு வந்து போனைப் பார்த்தாள், சிரித்தாள். இப்ப டீ சொல்லுங்க என்றாள். கீழே போய் நானே வாங்கி வந்தேன். அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் இத்தனை வருடம் கேட்டது அதைத்தான்.

விடிந்ததும் மருந்துக்கடைக்காரர் என்னைப் போனில் கூப்பிட்டார். வாய்க்கால் உடைத்துக்கொண்டிருந்தது. அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. போன் கையிலேயே இருந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். நிற்கிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் உயிர் போயிருக்கும் என்றார் உங்கள் டாக்டர்.

திரும்பி வருகிற வழியிலேயே அவள் போனை வாங்கி எல்லாவற்றையும் பழையபடி செய்துவிட்டேன். அக்கா நம்பரை அக்கா பெயரில் போட்டேன். ப்ளாக்கை எடுத்தேன். என் இரண்டாவது போனிலிருந்து வந்த அழைப்புகளையும், அக்காவிடமிருந்து வந்தவற்றையும் அழித்தேன். வேலையை முடித்தால் இடத்தைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவேன், அது என் பழக்கம்.

அங்கேதான் ஒரு தவறு நடந்துவிட்டது. அழுகையெல்லாம் அடங்கிய பிறகு என் மனைவி கணக்குப் போட ஆரம்பித்தாள். பொழுது சாய்ந்தபோது அக்கா உயிர் போயிருக்கிறது. விளக்கு வந்தபோது ஒன்று அடித்திருக்கிறது. அப்படியானால் அதுதான் அக்காவின் கடைசிக் காரியம். இடுப்பு ஒடிந்து தண்ணீரில் கிடந்தும் அக்கா இரண்டு அடிக்கவில்லை. பாப்பா போன இடத்தில் நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒன்று மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறாள். சொல்லிச் சொல்லி அழுகிறாள், ஆனால் அந்த அழுகையில் ஒரு பெருமை இருக்கிறது. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடுகிறாள். போனைத் திறந்து தேடுகிறாள். காணோம். அது எங்கே போனது என்று என்னிடம் கேட்டாள். புயலில் டவர் கெட்டுப்போய் அழிந்திருக்கும் என்றேன். அதற்காகத்தான் உங்களிடம் வந்து நின்றிருக்கிறாள். போன் கம்பெனியில் கேட்டு அக்காவின் கடைசி அழைப்பை மீட்டுக் கொடுங்கள் என்று.

கம்பெனியிலிருந்து வந்துவிட்டால் அந்த ஒன்று யாருடையது என்று தெரிந்துவிடும். இரண்டு இரண்டாக வந்ததெல்லாமும் தெரிந்துவிடும். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். அவள் நினைக்கிறபடியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அவளிடம் மிச்சம் இருக்கிற ஒரே நிம்மதி அது. அதை அவளுக்குக் கொடுத்தது நான் என்று வெளியே தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் நினைப்பதில் முழுப் பொய்யும் இல்லை. அந்த அழைப்பு என்னுடையதாக இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நிஜமாகவே ஒன்று வந்தது. கண்ணால் பார்த்தேன். ஒன்று முடிந்து, இரண்டாவதற்காக நான் காத்திருந்தேன், சார், என்னால் முடிந்தவரை காத்திருந்தேன். அக்கா இரண்டாவதை அடிக்கவில்லை. ஒன்று அடித்தால் நல்லா இருக்கேன் என்றுதானே அவர்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு.